மூன்று நாளுக்கு ஒரு நகர்த்தல்: இணையத்தில் கரஸ்பாண்டன்ஸ் செஸ் ஆடுவது எப்படி

சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் கிடைப்பதில்லை என்பதற்காக செஸ்ஸை விட்டுவிட்டவர்கள் நிறைய பேர். ஐந்து நிமிட பிளிட்ஸ் ஆடினால் யோசிக்க நேரமில்லை, முப்பது நிமிட ஆட்டத்தில் உட்கார்ந்தால் நடுவில் யாராவது கூப்பிடுகிறார்கள், பால் பொங்குகிறது, மீட்டிங் வந்துவிடுகிறது. இவர்களுக்கென்றே இருப்பதுதான் கரஸ்பாண்டன்ஸ் செஸ். ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள், மூன்று நாள், ஏன், பதினான்கு நாள்கூட எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் காயை நகர்த்திவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம், எதிராளி அவர் ஊரில் அவருக்கு வசதியான நேரத்தில் பதில் ஆடுவார்.

முன்பு இதைத் தபாலில் ஆடினார்கள். 1824-ல் லண்டன் கிளப்பும் எடின்பரோ கிளப்பும் கடிதம் வழியாக ஆட ஆரம்பித்து 1828-ல்தான் முடித்தன, ஜெயித்தது எடின்பரோ. இன்று ‘ஸ்காட்ச்’ என்று சொல்கிறோமே, அந்தத் தொடக்கத்துக்கு, அதாவது ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களின் வரிசைக்கு, அந்தப் பெயர் வந்தது இந்தப் போட்டியால்தான். இப்போது கடிதத்தின் இடத்தில் ஒரு இணையதளத்தின் ஆட்டத் திரை இருக்கிறது. வசதிதான், ஆனால் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. கடிதம் எழுதி, உறையில் போட்டு, தபால் பெட்டி வரை நடப்பதற்குள் யாருக்கும் ஒரு தடவை சந்தேகம் வந்துவிடும். திரையிலோ கை போன வேகத்தில் காய் போய்விடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி, எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பது. மீதிப் பாதி, அந்தப் பட்டன்களை வைத்துக்கொண்டு எப்படி மெதுவாக இருப்பது என்பது.

நான் லிசெஸ் தளத்தை வைத்தே சொல்கிறேன். 2010-ல் திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது, முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, இதன் மூல நிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். செஸ்.காமிலும் இதே ஆட்டம் ‘டெய்லி’ என்ற பெயரில் இருக்கிறது, பட்டன்களின் இடம்தான் மாறும்.

ஆட்டம் தொடங்குவது

முதலில் ஒரு கணக்கு திறந்துகொள்ளுங்கள். நாட்கணக்கில் ஓடும் ஆட்டம், கணக்கு இல்லாமல் ஆடுவதில் அர்த்தமில்லை. முகப்புப் பக்கத்தில் புதிய ஆட்டம் உருவாக்கும் பட்டனை அழுத்தினால் நேர முறை கேட்கும், அதில் கரஸ்பாண்டன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உடனே ‘ஒரு நகர்த்தலுக்கு எத்தனை நாள்’ என்று ஒரு கோடு வரும். இழுத்தால் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பத்து, பதினான்கு என்று மாறும். வரம்பே இல்லாமலும் ஆடலாம், ஆனால் அந்த ஆட்டம் ரேட்டிங்கில், அதாவது உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணில், சேராது. அதுவும் தவிர, முடிவில்லாத ஆட்டம் முடிவதே இல்லை, அதை நண்பர்களோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் மூன்று நாளைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ‘நான் தினமும் போனைப் பார்ப்பவன்தானே, ஒரு நாள் போதும்’ என்று தோன்றும். கணக்குப் பாருங்கள்: எதிராளி வேறொரு நாட்டில் இருக்கிறார், நம்மூரில் விடியற்காலை மூன்று மணிக்கு ஆடிவிடுகிறார், அந்த நொடியிலிருந்து உங்கள் இருபத்துநாலு மணி நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அன்றைக்கு ஆபீசில் வேலை, சாயங்காலம் ஒரு கல்யாண ரிசப்ஷன், வந்து படுத்துவிடுகிறீர்கள். எழுந்து பார்த்தால் நேரம் தீர்ந்து தோற்றிருப்பீர்கள். நல்ல நிலையில் இருந்த ஆட்டம் இப்படிப் போனால் வரும் எரிச்சல், ராணியைத் தவற விட்டதைவிட மோசம். ஊருக்குப் போகும் பழக்கம், நெட் கிடைக்காத இடங்களுக்குப் பயணம் என்று இருந்தால் ஐந்தோ ஏழோ வையுங்கள். பதினான்கு மட்டும் வேண்டாம், ஆட்டம் எதைப் பற்றி என்பதே மறந்துபோகும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்கள் சேர்வதில்லை. மூன்று நாள் ஆட்டத்தில் பத்தே நிமிடத்தில் பதில் ஆடினால் மீதி நேரம் அடுத்ததற்குப் போய்ச் சேராது, ஒவ்வொரு முறையும் கடிகாரம் மறுபடி மூன்று நாளிலிருந்துதான் ஆரம்பிக்கும். அதனால் சீக்கிரம் ஆடுவதில் லாபம் எதுவும் இல்லை. பிளிட்ஸ் ஆடிப் பழகியவர்களுக்கு இது மண்டையில் ஏறவே கொஞ்ச காலம் பிடிக்கும்.

ரேட்டிங் பற்றிக் கவலைப்படாதீர்கள். கரஸ்பாண்டன்ஸ் ரேட்டிங் தனி, பிளிட்ஸ் ரேட்டிங்கோடு கலக்காது. புதுக் கணக்கு 1500-ல் தொடங்கும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும், ‘இவரை இன்னும் சரியாக எடைபோடவில்லை’ என்று அதற்குப் பொருள். எதிராளியின் பெயருக்குப் பக்கத்திலும் அது இருந்தால் அவர் யாராகவும் இருக்கலாம், நேற்றுக் கற்றுக்கொண்டவரோ பழுத்த ஆட்டக்காரரோ.

எத்தனை ஆட்டம் ஒரே நேரத்தில்? நான்கைந்து போதும். முதல் நாள் உற்சாகத்தில் இருபது ஆட்டம் தொடங்குவது எல்லோரும் செய்வதுதான். தொடக்கத்தில் எல்லாம் தெரிந்த நகர்த்தல்களாக இருப்பதால் இருபதும் லேசாகத் தெரியும். இருபதும் ஒரே வாரத்தில் நடு ஆட்டத்துக்கு வந்து சேரும்போதுதான், இருபது பேருக்குக் கடன்பட்டவன் மாதிரி திரையைத் திறக்கவே பயமாக இருக்கும்.

திரையில் எது எங்கே

கணினியில் பார்த்தால் நடுவில் பலகை. வலப்பக்கம் இருவரின் பெயர், மீதி நேரம், நகர்த்தல்களின் பட்டியல், அதை ஒட்டி டிரா கேட்கவும் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவும் பட்டன்கள். இடப்பக்கம் ஆட்ட விவரமும் அரட்டைப் பெட்டியும். போனில் இதெல்லாம் மேலும் கீழுமாக அடுக்கியிருக்கும். நகர்த்தல் பட்டியலில் எதைத் தொட்டாலும் பலகை அந்த நிலைக்குப் போகும், விசைப்பலகையில் இட வல அம்புக்குறிகளும் அதையே செய்யும். மூன்று நாள் கழித்து ஒரு ஆட்டத்தைத் திறக்கும்போது முதலில் செய்ய வேண்டியதே இதுதான். கடைசி நாலைந்து நகர்த்தல்களைப் பின்னால் போய் முன்னால் வந்து பாருங்கள். ஒரு ஆட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவும்போது முந்தைய பலகை மண்டைக்குள்ளேயே இருக்கும். அங்கே எச் வரிசையில் இருந்த உங்கள் யானை இங்கேயும் இருப்பதாக நினைத்துக் காயை நகர்த்திவிடுவோம்.

இதனால்தான் ஒரு வசதியை அணைத்து வைக்கச் சொல்வேன். ஒரு ஆட்டத்தில் நகர்த்தியதும் உங்கள் முறை காத்திருக்கும் அடுத்த ஆட்டத்துக்குத் தானாகத் தாவும் வசதி ஒன்று பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கும். சௌகரியமாகத்தான் தெரியும். ஆனால் அது உங்களை வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு டோக்கன் கொடுப்பவராக மாற்றிவிடும். எந்த ஆட்டத்தை எப்போது பார்ப்பது என்பது உங்கள் கையில் இருக்கட்டும்.

அடுத்து, செட்டிங்ஸில் ஆட்ட நடத்தை என்ற பகுதிக்குப் போய், நகர்த்தலை உறுதி செய்யச் சொல்லும் வசதி கரஸ்பாண்டன்ஸ் ஆட்டங்களுக்கு இயங்குகிறதா என்று பாருங்கள். இது இருந்தால் காயை வைத்தவுடன் ஆட்டம் போய்விடாது, ஒரு சரிக்குறியும் ஒரு பெருக்கல் குறியும் வரும், சரியை அழுத்தினால்தான் போகும். பேருந்தில் நின்றுகொண்டு கட்டைவிரலால் ஆடுபவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது. அப்படியும் கை தவறி ஆடிவிட்டால், நகர்த்தலைத் திரும்பப் பெற எதிராளியிடம் கேட்க ஒரு பட்டன் உண்டு, கொடுப்பதும் மறுப்பதும் அவர் இஷ்டம். கொடுக்கவில்லை என்று கோபப்படக் கூடாது.

அறிவிப்புகளையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நேரம் தீரப்போகிறது என்று எச்சரிப்பதும், நிலுவையில் உள்ள ஆட்டங்களைப் பட்டியலிட்டு தினம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவதும் லிசெஸ்ஸில் உண்டு. இவை போதும். எதிராளி நகர்த்தியவுடன் போன் டிங் என்று அடிக்கும் அறிவிப்பை என்னைக் கேட்டால் அணைத்துவிடலாம். சத்தம் கேட்டால் கை போகும், கை போனால் ஆடிவிடுவோம்.

அனாலிசிஸ் போர்டு

கரஸ்பாண்டன்ஸுக்கும் மற்ற ஆட்டங்களுக்கும் பெரிய வித்தியாசமே இதுதான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே காய்களை நகர்த்திப் பார்க்கலாம். தபாலில் ஆடிய காலத்திலும் வீட்டில் தனியாக ஒரு பலகையில் அடுக்கி வைத்து நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள், ஆக இது ஏமாற்று வேலை இல்லை. நகர்த்தல் பட்டியலுக்கு மேலே இருக்கும் பட்டன் வரிசையில் நுண்ணோக்கிப் படம் ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் அனாலிசிஸ் போர்டு திறக்கும். அங்கே இரண்டு பக்கக் காய்களையும் நீங்களே நகர்த்தலாம், கிளைகள் பிரிக்கலாம், திரும்பி வரலாம். நடக்கும் ஆட்டம் என்பதால், நல்ல நகர்த்தலைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் எஞ்சின் அங்கே இயங்காது.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பலகையும் ஆட்டப் பலகையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நல்ல நகர்த்தலைக் கண்டுபிடித்து, அனாலிசிஸ் போர்டிலேயே அதை வைத்துவிட்டு, ஆடியாகிவிட்டது என்று நினைத்து மூடிவிட்டுப் போய் நேரம் தீர்ந்து தோற்றவர்கள் உண்டு. இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: சும்மா நகர்த்திப் பார்க்கிறேன் என்று நினைத்து ஆட்டப் பலகையிலேயே காயை வைத்துவிடுவது. ஆடி முடித்ததும் எதிராளியின் கடிகாரம் ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடுங்கள்.

எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு நான் சொல்வது இதுதான். திறந்தவுடன் மனதில் தோன்றும் நகர்த்தலை விட்டுவிட்டு, எதிராளி கடைசியாக ஆடியது எதற்காக என்பதை முதலில் பாருங்கள். அவருக்கே இன்னொரு முறை கிடைத்தால் என்ன ஆடுவார்? அதை அனாலிசிஸ் போர்டில் ஆடிப் பார்த்தாலே அவருடைய மிரட்டல் என்ன என்று தெரிந்துவிடும். அப்புறம் உங்களுக்கு ஆடத் தகுந்த இரண்டு மூன்று நகர்த்தல்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, தமக்குப் பிடித்த ஒரே நகர்த்தலைப் பதினைந்து நகர்த்தல் ஆழத்துக்குக் கொண்டுபோவது. அதிலும் எதிராளிக்காக ஆடும் பதில்கள் எல்லாம் ‘இப்படி ஆடினால் எனக்கு நல்லது’ என்ற ஆசையில் ஆடியவையாக இருக்கும். எதிராளி பக்கம் வரும்போது பலகையைத் திருப்பிவிடுங்கள், எஃப் விசையை அழுத்தினால் திரும்பும். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் ராஜாவைச் சுற்றியுள்ள ஓட்டைகள் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் மூடிவிடுங்கள். ஆடாமல் மூடுங்கள். பார்ப்பதற்காகத் திறப்பது ஒரு வேலை, ஆடுவதற்காகத் திறப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டையும் பிரித்து வைத்தவர்கள் சீக்கிரம் முன்னேறுகிறார்கள். இரவு பார்த்து முடிவு செய்த நகர்த்தலைக் காலையில் புதுக் கண்ணோடு பார்த்தால், சில சமயம் ஒரு நொடியில் ‘ஐயோ, அந்தக் குதிரையை பிஷப் எடுத்துவிடுமே’ என்று தெரியும். சிக்கலில்லாத நகர்த்தல் என்றால், அதாவது அவர் உங்கள் காயை எடுத்தார், நீங்கள் திருப்பி எடுக்க வேண்டும் என்பது மாதிரி இருந்தால், உடனே ஆடிவிடலாம், அதற்கெல்லாம் ஒரு ராத்திரி தேவையில்லை.

நோட்ஸ்

அரட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் நோட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் எழுதுவது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இதை முக்கால்வாசிப் பேர் தொடுவதே இல்லை. திட்டத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள்: ‘டி5-ஐ விட்டுக்கொடுக்கக் கூடாது, ஏ சிப்பாயைத் தள்ள வேண்டும், அவர் குதிரை ஜி4 வந்தால் எச்3.’ (டி5 என்றால் டி வரிசையின் ஐந்தாவது கட்டம், காயின் பெயர் இல்லாமல் எச்3 என்றால் சிப்பாயை அங்கே வைப்பது.) அவ்வளவுதான். நான்கு நாள் கழித்துத் திறக்கும்போது இந்த ஒரு வரி அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு திட்டம் போட்டு, ஐந்து திட்டங்களின் முதல் நகர்த்தல்களை மட்டும் ஆடி வைத்திருப்பீர்கள். ஒதுக்கிய நகர்த்தலை ஏன் ஒதுக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள், இல்லையென்றால் அதே நகர்த்தல் மறுநாள் அழகாகத் தெரியும்.

ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர்

அனாலிசிஸ் போர்டிலேயே புத்தகப் படம் போட்ட பட்டன் ஒன்று உண்டு. அழுத்தினால் இப்போதுள்ள நிலையில் மற்றவர்கள் என்ன ஆடினார்கள், எத்தனை ஆட்டம், வெள்ளை ஜெயித்தது எவ்வளவு, டிரா எவ்வளவு, கறுப்பு ஜெயித்தது எவ்வளவு என்று பட்டையாகக் காட்டும். கரஸ்பாண்டன்ஸ் ஆட்டத்தில் இதைப் பார்ப்பது விதிப்படி சரி. பிளிட்ஸில் பார்த்தால்தான் தப்பு.

இதில் மாஸ்டர்ஸ் என்ற தொகுப்பில் இருப்பது 1952 முதல் 2200-க்கு மேல் ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் உள்ளவர்கள் நேரில் ஆடிய ஆட்டங்கள். லிசெஸ் என்ற தொகுப்பில் தளத்தில் நம்மைப் போன்றவர்கள் ஆடியவை, அதை ரேட்டிங் வாரியாகவும் வடிகட்டலாம். இரண்டையும் பார்க்க வேண்டும். மாஸ்டர்ஸ் தொகுப்பு எது நல்ல நகர்த்தல் என்று சொல்லும், மற்றது உங்கள் எதிராளி உண்மையில் என்ன ஆடுவார் என்று சொல்லும்.

சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ‘வெள்ளை நூற்றுக்கு நூறு ஜெயித்தது’ என்று ஒரு நகர்த்தல் பளபளக்கும், பக்கத்தில் ஆட்ட எண்ணிக்கை இரண்டு என்று இருக்கும். இன்னொரு பொறி: எக்ஸ்ப்ளோரர் காட்டும் முதல் நகர்த்தலையே ஆடிக்கொண்டு போய், பன்னிரண்டாவது நகர்த்தலில் அது வறண்டு போனதும், கையில் இருப்பது என்ன நிலை, எந்தப் பக்கம் தாக்க வேண்டும் என்று எதுவுமே தெரியாமல் நிற்பது. கீழே அந்த நிலையிலிருந்து ஆடிய பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்கள் பட்டியலாக இருக்கும். ஒன்றிரண்டைத் திறந்து கடைசி வரை பாருங்கள். யானை எந்த வரிசைக்குப் போகிறது, எந்தச் சிப்பாயைத் தள்ளுகிறார்கள், எந்தக் காயை மாற்றிக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் திட்டம் கிடைக்கும். உங்களுக்குப் புரியாத தொடக்கத்தை ஆட வேண்டாம், எவ்வளவு நல்ல சதவீதம் காட்டினாலும்.

கண்டிஷனல் ப்ரீமூவ்

‘அவர் இதை ஆடினால் நான் இதை ஆடுவேன்’ என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. இதுவும் தபால் காலத்து வழக்கம்தான், ஒரு கார்டு மிச்சம் என்று எழுதி அனுப்புவார்கள். இங்கே, எதிராளி முறையில் அனாலிசிஸ் போர்டைத் திறந்து, அவர் ஆடுவார் என்று நினைப்பதையும் உங்கள் பதிலையும் பலகையில் ஆடிவிட்டு, கீழே கண்டிஷனல் ப்ரீமூவ் பெட்டியில் அந்தக் கிளையைச் சேர்க்கும் பட்டனை அழுத்த வேண்டும். இப்படி பல கிளைகள் சேர்க்கலாம். எதிராளிக்கு எதுவும் தெரியாது. அவர் அதையே ஆடினால் உங்கள் பதில் உடனே போய்விடும், வேறு ஆடினால் எதுவும் நடக்காது.

ஆனால் உறுதி செய்யும் சரிக்குறி இங்கே வராது, சொன்னது சொன்னதுதான். அதனால் ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு உதாரணம். நீங்கள் வெள்ளை: இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் பி5 ஏ6. இப்போது பிஷப்பால் சி6-ல் உள்ள குதிரையை எடுக்கிறீர்கள். அவர் திருப்பி எடுத்தே ஆக வேண்டும், டி சிப்பாயால் அல்லது பி சிப்பாயால். எதால் எடுத்தாலும் இ5 சிப்பாய்க்கு இருந்த காவல் போய்விட்டதே, இரண்டுக்கும் ‘குதிரை இ5-ஐ எடுக்கட்டும்’ என்று போட்டு வைக்கத் தோன்றும். போட்டால் என்ன ஆகும்? டி சிப்பாயால் எடுத்திருந்தால் அவருடைய ராணிக்கு வழி திறந்துவிட்டது. ராணி டி4 வந்து நிற்கும், ஒரே நேரத்தில் இ5 குதிரையையும் இ4 சிப்பாயையும் பிடிக்கும். குதிரை எஃப்3-க்குத் திரும்பினால் ராணி இ4-ஐ செக்கோடு எடுக்கும். நீங்கள் எடுத்த சிப்பாய் திரும்பிப் போயிற்று, அவரிடம் இரண்டு பிஷப்புகள் வேறு. அதனால் டி சிப்பாய்க் கிளைக்கு உங்கள் பதில் கேஸ்லிங்காக இருக்கட்டும். அதற்கு அப்புறம் இ5-ஐ எடுக்கும் மிரட்டல் நிஜமாகிவிடும். எடுத்த பிறகு அவர் அதே ராணி வித்தையைச் செய்து இ4-ஐப் பிடித்தால், யானை இ1 வந்து ராணியை ராஜாவோடு சேர்த்துக் கட்டிவிடும். பி சிப்பாயால் எடுத்தாரென்றால் டி வரிசை அடைத்தே இருக்கிறது, அந்த ராணி வித்தை இல்லை. அங்கே டி4 என்று நடுவைத் தாக்கலாம். ஆக இரண்டு கிளை, இரண்டு பதில்.

கட்டாய மாற்றங்களுக்கும் தெளிவாக ஜெயிக்கும் கடைசிக் கட்டத்துக்கும் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். தோற்கும் நிலையில் இருப்பவர் ஒவ்வொரு நகர்த்தலையும் கடைசி மணி நேரம் வரை இழுப்பார், அது அவர் உரிமை. அரட்டையில் போய் ‘ஏன் இழுக்கிறீர்கள்’ என்று கேட்பதைவிட, நாலு கிளை போட்டு வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

எஞ்சின் விஷயம்

லிசெஸ்ஸிலும் செஸ்.காமிலும் கரஸ்பாண்டன்ஸ் ஆட்டத்தில் எஞ்சின் பார்க்கக் கூடாது. வேறு ஜன்னலில் திறந்து பார்ப்பது, போனில் வேறு ஆப்பில் நிலையை அடுக்கிப் பார்ப்பது, நன்றாக ஆடும் நண்பரிடம் ‘சும்மா கேட்கிறேன், இங்கே என்ன ஆடுவ?’ என்பது, எல்லாமே ஒன்றுதான். கணக்கில் ஏமாற்றியவர் என்ற முத்திரை விழுந்துவிடும். பலருக்குத் தோன்றாத ஒன்று: ஒரு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அதே தொடக்கத்தைப் பிளிட்ஸில் ஆடிவிட்டு, அதை எஞ்சினோடு ஆராய்வது. அந்த நிலையும் இந்த நிலையும் ஒன்றாக இருந்தால், தெரிந்தோ தெரியாமலோ பதிலைப் பார்த்துவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம். அந்தத் தொடக்கத்தை ஆட்டம் முடியும்வரை எஞ்சினிடம் கொண்டுபோகாதீர்கள். கொஞ்சம் காய்களே மிஞ்சிய நிலைகளுக்கு முழு விடையையும் சொல்லும் டேபிள்பேஸையும் இந்தத் தளங்களில் ஆட்டத்தின் நடுவே தொட வேண்டாம்.

எஞ்சினோடுதான் ஆட ஆசை என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. 1951-ல் தொடங்கிய சர்வதேச கரஸ்பாண்டன்ஸ் செஸ் கூட்டமைப்பு, சுருக்கமாக ஐசிசிஎஃப். அவர்களுடைய சர்வரில் எஞ்சின் பயன்படுத்தலாம், எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். விளைவு, மேல்மட்டப் போட்டிகளில் டிராக்கள் குவிகின்றன. அங்கே நேரமும் வேறு மாதிரி: பத்து நகர்த்தலுக்கு ஐம்பது நாள் என்று மொத்தமாகக் கொடுக்கும் முறை நெடுங்காலமாக உண்டு. அவர்களுடைய பழைய எண் குறியீடும் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஏ வரிசை 1, எச் வரிசை 8 என்று வைத்து, இ2-விலிருந்து இ4 என்பதை 5254 என்று எழுதுவார்கள். வெள்ளை ராஜா பக்கம் கேஸ்லிங் செய்தால் 5171. காயின் பெயர் மொழிக்கு மொழி மாறினாலும் எண் மாறாதல்லவா.

டிரா, ரிசைன், லீவு

எதிராளி டிரா கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அடுத்த நகர்த்தலை ஆடினாலே மறுத்ததாக ஆகிவிடும். நீங்கள் கேட்பதானால் ஒரு தடவை கேளுங்கள், நிலைமை மாறாமல் நகர்த்தலுக்கு நகர்த்தல் கேட்பது தொந்தரவு. ராணி போன ஆட்டத்தை மூன்று வாரம் இழுப்பதைவிட விட்டுக்கொடுப்பது மரியாதை, ஆனால் ரொம்பச் சீக்கிரமும் விடாதீர்கள், எதிராளியும் மனிதர்தான், அவரும் பேருந்தில் நின்றுகொண்டு ஆடுபவராக இருக்கலாம்.

லீவு எடுக்கும் வசதி செஸ்.காமில் உண்டு, அந்த நாட்களில் உங்கள் கடிகாரம் நிற்கும். லிசெஸ்ஸில் அது கிடையாது. ஆகவே ஊருக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே புது ஆட்டம் தொடங்குவதை நிறுத்திவிடுங்கள், இருக்கும் ஆட்டங்களில் கிளம்பும் அன்று நேரம் குறைவாக உள்ளதை முதலில் ஆடிவிடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டர் ஆய்வு கேட்கும் பட்டன் வந்துவிடும். அதை அழுத்துவதற்கு முன் உங்கள் நோட்ஸை ஒரு தடவை படித்துவிட்டு, எந்த இடத்தில் ஆட்டம் திரும்பியது என்று நீங்களே ஒரு ஊகம் சொல்லிப் பாருங்கள். அப்புறம் எஞ்சின் காட்டும் இடத்தோடு ஒப்பிடுங்கள். பிளிட்ஸில் தப்புக்கு நேரமில்லை என்று சாக்குச் சொல்லலாம். இங்கே மூன்று நாள் யோசித்தும் அந்த நகர்த்தல் ஏன் கண்ணில் படவில்லை என்று நோட்ஸைப் பார்த்தால் தெரிந்துவிடும்: அதைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லையா, சேர்த்துவிட்டுத் தப்பாக ஒதுக்கினீர்களா என்று. முதலாவது என்றால் பொறிகளும் சிறு புதிர்களும் நிறையப் போட்டுப் பழகுங்கள். இரண்டாவது என்றால் அனாலிசிஸ் போர்டில் எதிராளிக்காக ஆடும் பதில்களில் நேர்மை போதவில்லை என்று அர்த்தம், அடுத்த ஆட்டத்தில் பலகையைத் திருப்பிப் பார்ப்பதை இன்னும் கொஞ்சம் அதிகமாகச் செய்யுங்கள்.